கோப்பியின் கூற்றுவனை ஆராய்ந்த அறிஞர்

ஹரி மார்ஷல் வோட் (1854–1906)

கொட்டாஞ்சேனை என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் சேனை, படையைக் குறிக்கும் சொல்லன்று. சிங்களத்தில் ஹேன என்றும் தமிழிற் சேனை என்றும் வழங்குவது, காட்டை வெட்டி எரித்து அச்சாம்பரில் விதைக்கும் பழைய பயிர்ச்செய்கையாகும். கடைகளும் கோயில்களும் தேவாலயங்களும் நெருங்கி நிற்கும் இன்றைய கொட்டாஞ்சேனையிற் சேனைப் பயிரைத் தேடுதல் வீண்முயற்சியே. எனினும், அச்சொல்லில் ஓர் உண்மை உறைந்து கிடக்கின்றது.

சேனைக்காரன் மரத்தை எரிக்கும்போது, அம்மரம் பல்லாண்டுகளாக மண்ணினின்றும் உறிஞ்சிச் சேர்த்த கல்சியமும் பொற்றாசியமும் பொசுபரசும் சாம்பராய் ஒரே நாளில் நிலத்துக்குத் திரும்புகின்றன. இரண்டு மூன்று விளைவுக்கு அவை போதும். பின்னர் நிலம் மெலியும். அவன் அதனைக் காட்டுக்கே விட்டு அப்பாற் செல்வான். காடு மீண்டும் வளர்ந்து, ஆழத்து வேர்களால் உரச்சத்தை மேலே கொணர்ந்து, உதிரும் இலைகளால் மேன்மண்ணை நிரப்பும். எடுத்ததை ஈடுசெய்து கொள்ள நிலத்துக்கு அவகாசம் அளிப்பதே சேனையின் அறம் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் ஏறிய கோப்பிப் பயிரும் காட்டை வெட்டி எரித்தே தொடங்கிற்று. ஆயின், அவகாசம் என்பதை அஃது அறியவில்லை. மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு, இடையீடின்றி ஒரே செடி நின்றது. அரை நூற்றாண்டுக்குள் அப்பெருஞ்செல்வம் அழிந்தது. அவ்வழிவின் காரணத்தை இலையினுட் புகுந்து கண்டு உலகுக்கு விளக்கியவர், இருபத்தாறாவது வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் ஆங்கில இளைஞர். தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று போற்றப்படும் ஹரி மார்ஷல் வோட் அவர்தாம்.

இசைக்கலைஞரின் மைந்தர்

வோட் 1854 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21 ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரிற் பிறந்தவர். தந்தையார் இசைத்தொழில் செய்தவர். குடும்பம் செல்வக் குடும்பமன்று. உயர்கல்வி எளிதிற் கிட்டும் நிலையில் அவர் இருக்கவில்லை. இலண்டனின் தென் கென்சிங்டனில் டீ. எச். ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பே அவருடைய வாழ்க்கையைத் திருப்பிற்று. நூலைப் படித்து ஒப்பிப்பதனினும், உயிரைக் கையிலெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காண்பதே கல்வி என்பது ஹக்ஸ்லியின் நெறி. அந்நெறி மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னர் மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியிற் பயின்றார். செல்வ நண்பர் ஒருவரின் உதவியாற் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1879 இல் இயற்கை விஞ்ஞானத் தேர்வில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

அதன்பின் அவர் நாடிச் சென்ற ஆசிரியர், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலிருந்த ஜூலியஸ் சாக்ஸ். பச்சையிலை ஒளியில் நின்று மாப்பொருளைத் தானே ஆக்கிக் கொள்கின்றது என்பதைப் பரிசோதனைகளால் நிலைநாட்டிய பேரறிஞர் அவர். செடி மண்ணைத் தின்று வளர்கின்றது என்ற பழைய எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. மண் தருவன உப்புக்களும் நீருமே. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டு, கதிரவன் தரும் சக்தியால், உணவைச் சமைப்பது இலை. உலகிலுள்ள உயிர்களெல்லாம், உண்பனவும் உண்ணப்படுவனவும், அந்த ஒரே அடுக்களையையே நம்பி வாழ்கின்றன. இக்கருத்தை உடன்கொண்டே வோட் இலங்கைக்குக் கப்பலேறினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னாளில் அவர் கண்டவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

மலைநாடும் துறைமுகமும்

1820 களிற் கம்பளைப் பக்கத்தில் தோன்றிய கோப்பித் தோட்டங்கள் 1870 களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கராகப் பரந்திருந்தன. 1867 இற் கண்டிக்குப் புகைவண்டி ஓடியதும் இப்பயிரை நம்பியே. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்த ஏழைத் தொழிலாளரின் உழைப்பே அச்செடிகளின் அடியிற் கிடந்தது. வழியிற் கொள்ளைநோய்க்கு இரையானோர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவ்வருகை வெள்ளமெனப் பெருகிற்று.

அவர்களுடைய உணவாகிய அரிசியும் தென்னிந்தியாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கப்பலில் வந்தது. கொட்டாஞ்சேனையின் அண்டையிலுள்ள செட்டியார் தெருவின் வணிகர், அவ்வரிசி வாணிபத்திலும் கொடுக்கல் வாங்கலிலும் பெரும்பங்கு கொண்டிருந்தனர். மலையினின்றும் இறங்கிய கோப்பி, கொழும்புப் பண்டகசாலைகளில் உலர்த்தித் தோல்நீக்கித் தெரிந்தெடுக்கப்பட்டுக் கப்பலேறிற்று. பெண்கள் பலர்க்கு அதுவே கூலித்தொழில். அரிசி மேலேறியது, கோப்பி கீழிறங்கியது. மலையின் மண்ணிலிருந்த சத்தும், மலைமேல் விழுந்த வெயிலும், மூடை மூடையாகக் கடல் கடந்து சென்றன. திரும்பி வந்தது பணம். பணத்தின் ஒரு பகுதியை எலும்புத்தூளாகவும் புண்ணாக்காகவும் வேறு உரமாகவும் தோட்டத்துரைமார் மண்ணிலிட்டனர் என்பது உண்மையே. ஆயினும், களையின்றி வழித்துத் துப்புரவாக வைக்கப்பட்ட செங்குத்தான சரிவுகளில், பருவமழை மேன்மண்ணைக் கழுவிக்கொண்டே போயிற்று.

இந்நிலையில், 1869 ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு மாற்றம் காணப்பட்டது. கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருந்தது. அவ்விலைகள் காலத்துக்கு முன்னே உதிர்ந்தன. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்னும் மதகுரு அதனைப் புதியதொரு பங்கசு எனக் கண்டு, ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பாதி, பாழாக்குவது என்னும் பொருளது. அன்று அப்பெயர் சற்று மிகையாகத் தோன்றியிருக்கலாம். பத்தே ஆண்டுகளில் அது மிகையன்று என்பதை மலைநாடு அறிந்தது.

நோய்க்குக் காரணம் பற்றிப் பற்பல கொள்கைகள் உலவின. காலநிலை கெட்டது என்றனர் சிலர். மண் களைத்தது என்றனர் சிலர். உரத்தை மிகுத்தால் நோய் ஓடும் என்று நம்பினர் பலர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தோரும் உளர். இறுதியில் அரசாங்கம் இந்நோயை ஆராய்வதற்கென ஓர் அறிஞரை ஈராண்டு காலத்துக்கு நியமித்தது. 1880 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோட் வந்து சேர்ந்தார்.

இலையினுட் கண்ட களவு

பேராதனையைத் தளமாகக் கொண்டு தோட்டந்தோறும் அவர் அலைந்தார். முதலில் அவர் அறிய விரும்பியது, நோய் எவ்வாறு செடிக்குச் செடி பரவுகின்றது என்பது. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் கட்டித் தொங்கவிட்டார். சில காலத்தின்பின் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, அவற்றில் ஹெமிலியாவின் வித்திகள் ஒட்டியிருந்தன. காற்றே தூதுவன் என்பது இவ்வாறு மெய்யாயிற்று. எளிமையான கருவி, மறுக்கவொண்ணாத சான்று.

அடுத்து, வித்தியை நீர்த்துளியில் இலைமேல் இட்டு, மணிக்கணக்காகக் காத்திருந்து பார்த்தார். ஈரத்தில் வித்தி முளைக்கின்றது. நூல்போன்ற குழாயொன்று அதனின்றும் நீண்டு, இலையின் அடிப்புறத்திலுள்ள இலைவாயைத் தேடி உட்புகுகின்றது. உட்புகுந்தபின் கிளைவிட்டுப் பரந்து, இலையின் கலங்களுக்குள் உறிஞ்சு உறுப்புக்களைச் செலுத்துகின்றது. இரண்டு மூன்று கிழமைகளில் இலையின் புறத்தே மஞ்சட் புள்ளி தோன்றி, அதனின்றும் பல்லாயிரம் புதிய வித்திகள் காற்றிற் பறக்கின்றன. இவ்வாறு, ஓர் உயிரின் பிறப்பு முதல் மறுபிறப்பு வரை முழு வரலாற்றையும் அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். நோய் என்பது செடியின் உள்ளே தானாகத் தோன்றும் கேடன்று. வெளியினின்றும் வந்த மற்றோர் உயிரின் வாழ்க்கையே என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று.

இவ்விடத்தேதான் சாக்ஸிடம் கற்ற பாடம் கைகொடுத்தது. இலை வெயிலைக் கொண்டு ஆக்கிய உணவு, காம்பு வழியே கிளைக்கும் வேருக்கும் காய்க்கும் செல்ல வேண்டியது. பங்கசுக்குப் பச்சையம் இல்லை. தனக்கென உணவாக்கும் ஆற்றலும் இல்லை. ஆகவே அது வழியில் நின்று அவ்வுணவைக் கவர்கின்றது. கலத்தை உடனே கொல்லாமல், உயிரோடு வைத்தே உண்கின்றது. களஞ்சியத்தை எரித்தால் களவுக்கு இடமேது! உழைத்துக் களைத்த இலை ஈற்றில் உதிர்கின்றது. இலையிழந்த கிளையில் காய்கள் மட்டும் எஞ்சுகின்றன. தளிரும் காயும் செடியின் பழைய சேமிப்பை உறிஞ்சி வாழ முயல்கின்றன. அடுத்த ஆண்டுக்குச் செடியிடம் முதலில்லை. கோப்பிச்செடி ஒரே பருவத்தில் மடிவதில்லை. வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம் போல ஆண்டுக்காண்டு நொடிந்து சாகின்றது.

உரத்தைப் பற்றிய நம்பிக்கைக்கும் இவ்வாய்விலேயே விடை கிடைத்தது. உரமிட்டால் இலை தழைக்கும் என்பது மெய்யே. ஆயின், இலை பங்கசுக்கும் உணவு. இலை எவ்வளவு பெருகுகின்றதோ அவ்வளவுக்குப் பந்தியும் விரிகின்றது. ஒரு செடிக்கு அடுத்து அதே செடியாக நூற்றுக்கணக்கான சதுரமைல் நின்றமையாற் காற்றில் வந்த வித்தி எங்கு விழினும் அதற்கு விருந்து காத்திருந்தது. கலப்புக் காட்டில் ஒரு மரத்தின் பகைவன் அடுத்த மரத்திற் பட்டினி கிடப்பான். ஒற்றைப் பயிரிலோ அவனுக்குப் பசியென்பதே இல்லை. மனிதன் மண்ணின் சத்தையும் கதிரவனின் சக்தியையும் ஒரே வாய்க்காலிற் பாய்ச்சினான். அவ்வாய்க்காலின் கரையிலே மற்றோர் உயிர் வந்து குடியேறிற்று.

உண்மையின் விலை

தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது மருந்து. வோட் அளித்ததோ விளக்கம். இலையின் உள்ளே புகுந்துவிட்ட பங்கசை, இலையைக் கொல்லாமற் கொல்லுதல் இயலாது என்றே அவருடைய அறிக்கைகள் கூறின. புகுமுன்னர் இலையின் புறத்தே வித்தியைத் தடுத்தல் கொள்கையளவில் இயலுமாயினும், மழை மிகுந்த மலைகளில் அத்துணை இலைகளையும் காப்பது பெருஞ்செலவும் அருமுயற்சியுமாகும். மருந்துண்டு என்று ஆசைகாட்டியிருப்பின் அவருக்குச் சிறிது காலம் புகழ் கிடைத்திருக்கும். அதனை அவர் செய்யவில்லை. 1882 இல் தம் தவணை முடிய, வெறுங்கையுடன் செல்பவர் போன்றே இலங்கையை விட்டு நீங்கினார்.

முற்காப்பே வழி என்ற கருத்துப் பொய்க்கவில்லை. மூன்றாண்டுகளின்பின், 1885 இற் பிரான்சில் மில்லார்டே என்பவர் முந்திரிகைக் கொடிக்குச் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை வெளியிட்டார். செப்பு மருந்துகள் இன்றும் உலகெங்கும் கோப்பித் துருநோய்க்குத் தெளிக்கப்படுகின்றன. இலங்கைக்கோ அவை காலங்கடந்து வந்தவை. 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுக்களுக்கு ஆள்பதி கோடன் அரசாங்கப் பொறுப்பளிக்க நேர்ந்தது. 1890 ஆம் ஆண்டளவிற் கோப்பி ஏற்றுமதி, இருபது ஆண்டுகளுக்கு முன்னிருந்ததிற் பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. துரைமார் பலர் நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். மலையிற் கூலியிழந்தோரும், கொழும்பிற் கோப்பி தெரிந்த பெண்களும், வண்டியோட்டிகளும் அடைந்த இழப்பு எக்கணக்கேட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. இலையில் நேர்ந்த ஒரு களவு, படிப்படியாக எத்தனை அடுப்புக்களை அணைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் எழுந்தது தேயிலை. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய முயற்சியே மலைநாடெங்கும் படர்ந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் மிகுதியான ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து மீண்ட தமிழ்த் தொழிலாளர், குடும்பத்தோடு நிலையாக மலையகத்திற் குடியமர்ந்தமைக்கு இப்பயிர் மாற்றமே பெருங்காரணமாயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றிலும் அச்செம்மஞ்சள் தூளுக்குப் பங்குண்டு.

வேரினுள் ஒரு நட்பு

நாடு திரும்பிய வோட், ஸ்திராஸ்பர்க்கில் டி பாரி என்னும் பங்கசியற் பேரறிஞரிடம் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் மான்செஸ்டரிற் கற்பித்தார். 1885 இற் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிற் தாவரவியற் பேராசிரியரானார். இந்தியக் காடுகளுக்குச் செல்லவிருந்த அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றனர். மரத்தைப் பலகையாக மட்டும் காணாமல், உண்டும் உண்ணப்பட்டும் வாழும் உயிராகக் காண அவர்களைப் பழக்கினார்.

இலங்கையில் அவர் உள்ளத்தில் எழுந்த வினா அவரை விட்டு அகலவில்லை. ஓருயிர் மற்றோருயிரின் உணவை எவ்வழியிற் பெறுகின்றது? 1887 இல் அவரை வேலோடு வியத்தகு விடையொன்று வந்து சந்தித்தது. அவரையினச் செடிகளின் வேரிற் சிறு முடிச்சுக்கள் காணப்படுவது நெடுநாள் அறிந்த செய்தி. கிருமி நீக்கிய மண்ணில் வளர்த்த செடிகளில் அவை தோன்றுவதில்லை என்பதையும், புறத்தேயிருந்து ஓர் உயிர் வேர்மயிரின் வழியே நூல்போல உட்புகுந்தே அவற்றை உண்டாக்குகின்றது என்பதையும் வோட் காட்டினார். அவ்வுயிரை அவர் பங்கசினமெனக் கருதினார். அது பற்றீரியா என்பதைப் பிறர் விரைவில் நிலைநாட்டினர். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உதவும் உணவாக்குவது அச்சிறு முடிச்சே என்பதை ஜெர்மனியின் ஹெல்றீகலும் வில்பார்த்தும் அதே ஆண்டுகளில் மெய்ப்பித்தனர்.

கோப்பியிலையில் நுழைந்த விருந்தாளி கொள்ளையனாயிருந்தான். அவரை வேரில் நுழைந்தவனோ பண்டமாற்று வணிகனாயிருந்தான். செடி மாச்சத்தைக் கொடுக்கின்றது. பற்றீரியா நைதரசனைக் கொடுக்கின்றது. நுழையும் வழி ஏறத்தாழ ஒன்றே, விளைவுகள் வேறு. பகையும் நட்பும் உணவின் போக்கிலே பிறக்கின்றன என்பதை இவ்விரு ஆய்வுகளும் ஒருங்கு காட்டின. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும் தழையுரத்துக்கும் நடப்பட்ட முள்முருக்கு மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் கிளையை வெட்டித் தேயிலையின் அடியிற் பரப்பும் தொழிலாளி, காற்றின் நைதரசனை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றான்.

1888 இல் லில்லி மலர்ச்செடியின் நோயை ஆராய்ந்து, பங்கசு தான் சுரக்கும் நொதியினாற் கலச்சுவரைக் கரைத்து நுழைவதைக் கண்டார். 1892 இல் இஞ்சிப் பானத்தைப் புளிக்கச் செய்யும் கட்டியை ஆராய்ந்து, மதுவமும் பற்றீரியாவும் அதிற் கூடிவாழ்வதை விளக்கினார். எழுத்து வெட்டிய தகட்டினூடே ஒளியைப் பற்றீரியாப் படலத்தின்மீது வீழ்த்தி, ஒளிபட்ட இடத்தில் அவை மடிந்து அவ்வெழுத்தே தோன்றும்படி செய்து, நீலமும் ஊதாவுமான கதிர்களே அவற்றைக் கொல்கின்றன என்பதையும் காட்டினார். 1888 இல் இராயல் சங்க உறுப்பினர் பதவியும், 1893 இல் அச்சங்கத்தின் அரச பதக்கமும் அவரை நாடி வந்தன. 1895 இற் கேம்பிரிட்ஜின் தாவரவியற் பேராசிரியராகி, 1904 இல் அங்கே புதிய தாவரவியற் கூடம் திறக்கப்படக் காரணராயிருந்தார். உடல்நலம் குன்றி, 1906 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதிற் காலமானார். அவருடைய மைந்தர் பிராங்க் கிங்டன் வோட், இமயமலைச் சாரலில் தாவரந் தேடிய பயணியாகப் பின்னாளிற் பெரும்புகழ் பெற்றார்.

பின்வந்தோர் விரித்த கணக்கு

வோட் எழுப்பிய அக்கூடத்தில், அவர் மறைந்த அடுத்த ஆண்டு விரிவுரையாளராகச் சேர்ந்தவர் டான்ஸ்லி. உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒருங்கே கொண்டு, சூழற்றொகுதி என்னும் கருத்தை 1935 இல் வழங்கியவர் அவரே. 1942 இல் அமெரிக்காவின் லின்டமன் என்னும் இளைஞர், சிறியதோர் ஏரியை ஆராய்ந்து, கதிரவனின் சக்தி பச்சைத்தாவரத்தினின்றும் தாவரவுண்ணிக்கும், அதனின்றும் ஊனுண்ணிக்கும் படிப்படியாகச் செல்வதையும், ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிவதையும் கணக்கிட்டார். ஏறத்தாழப் பத்திலொரு பங்கே மேற்படிக்கு ஏறும் என்று பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. சக்தி ஒருவழியே சென்று தீர்ந்துவிடும். சத்துக்களோ மண்ணுக்கு மீண்டு சுழல வேண்டியவை. அச்சுழற்சி அறுந்தால் நிலம் வறுமையடையும். இவ்விரு விதிகளின் பெயர்களை வோட் அறியார். ஆயின், அவற்றின் செயலை ஒரு கோப்பி இலையிலே கண்டவர் அவர்.

அப்பாடம் இன்றும் பழையதாகவில்லை. 1946 இல் இலங்கைத் தேயிலையையும் கொப்புள நோய் என்னும் மற்றொரு பங்கசு தாக்கிற்று. 2012 ஆம் ஆண்டளவில் மத்திய அமெரிக்கக் கோப்பித் தோட்டங்களில் அதே ஹெமிலியா மீண்டும் பெருகிப் பல்லாயிரம் குடும்பங்களின் தொழிலைப் பறித்தது. 2021 இல் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீக்கப்பட்டபோது, நெல்லும் தேயிலையும் அடைந்த வீழ்ச்சியை யாவரும் கண்டனர். பல்லாண்டுகளாக ஒரு வழியில் ஊட்டிப் பழக்கிய மண்ணை, மாற்று வழி அமைக்காமல் ஒரே நாளிற் பட்டினி போடுதல் இயலாது. உரத்தை அள்ளிக் கொட்டுவதும் கணக்கறியாமை. அதனை ஒரேயடியாக நிறுத்துவதும் கணக்கறியாமையே.

விளைவினின்றும் எவ்வளவு வெளியே செல்கின்றது, மண்ணுக்கு எவ்வளவு மீளுகின்றது, இடையில் நின்று உண்பவர் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் முதலிற் கேட்க வேண்டும். அவற்றைக் கேளாத நாடு பொய்ம்மருந்து தருவோரை நாடிச் செல்லும். மருந்தில்லை என்று மெய் கூறிச் சென்ற வோட், அவ்வினாக்களையே நமக்கு விட்டுச் சென்றார்.